மெய்நிகர் உலகங்களில் நடப்பது யாருடைய ஆட்சி? தொடக்கநிலை வாசகர்களுக்கு ஓர் அறிமுகம்

கணினி வழியாகவோ கைப்பேசி வழியாகவோ நுழைந்து, நமக்கென ஓர் உருவத்தை வைத்துக்கொண்டு, அதே நேரத்தில் உள்ளே இருக்கும் ஆயிரக்கணக்கானவர்களோடு பேசவும் சண்டையிடவும் வாங்கவும் விற்கவும் கட்டடம் எழுப்பவும் முடிகிற இடத்தை மெய்நிகர் உலகம் என்கிறோம். அங்கே நமக்காக நடமாடும் உருவத்துக்கு அவதார் என்று பெயர். தனியாள் ஆடும் கணினி விளையாட்டில் நாம் நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடும். மெய்நிகர் உலகமோ நாம் தூங்கப் போன பிறகும் இயங்கிக்கொண்டே இருக்கும். நேற்று நாம் வாங்கிய நிலம் இன்றும் அங்கே இருக்கும், நேற்று நாம் பகைத்துக்கொண்டவரும் இருப்பார்.

நிலையான இடம், பலர் கூடி வாழ்தல், எல்லோருக்கும் போதாத பொருட்கள் ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில் அரசியல் முளைக்காமல் இருப்பதில்லை. யார் விதி வகுப்பது, மீறினால் யார் தண்டிப்பது, தண்டிப்பவரை யார் கேள்வி கேட்பது என்ற பழைய கேள்விகள் எல்லாம் இங்கும் எழுந்தன. இன்னொரு பக்கம், கூட்டம் கூடிய இடத்தைத் தேடி வெளியுலகின் கட்சிகளும் அரசுகளும் நீதிமன்றங்களும் உளவுத்துறைகளும்கூட உள்ளே வந்தன. இந்த இரண்டு போக்குகளையும் புரிந்துகொள்வதற்கு, முதலில் இவ்வுலகங்களில் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

உரிமையாளரின் அதிகாரம்

நாம் வாழும் நாட்டில் சட்டம் திருட்டைத் தடை செய்கிறது. ஆனால் திருடவே முடியாதபடி செய்ய அதனால் இயலாது. மெய்நிகர் உலகத்தை நடத்தும் நிறுவனத்தால் அது இயலும். ஒரு நிரல் வரியை மாற்றினால் போதும். பிறர் பெட்டியில் கைவைக்கும் வழியே இல்லாமல் போய்விடும். அங்கே நாணயம் அச்சடிப்பதும், நிலத்தை உண்டாக்குவதும், ஒருவரை நாடு கடத்துவதும், வேண்டுமானால் உலகத்தையே அழிப்பதும் அந்த நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. சட்டமன்றம், காவல்துறை, நீதிமன்றம், மைய வங்கி என்று நாடுகளில் பிரித்து வைக்கப்பட்டிருக்கும் அதிகாரங்கள் அனைத்தும் ஒரே இடத்தில் குவிந்திருக்கும் ஆட்சி அது. அதன் அரசியல் சாசனம், நாம் படிக்காமலேயே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்திவிட்டுக் கடந்துபோகும் பயன்பாட்டு விதிமுறைகள்தாம். வாடகை வீட்டில் எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரரைக் கேட்க வேண்டியிருப்பதைப் போல, இங்கே குடியேறியவர் எவ்வளவு காலமும் பணமும் செலவிட்டிருந்தாலும் சட்டத்தின் பார்வையில் வாடிக்கையாளராகவே இருக்கிறார், குடிமகன் ஆவதில்லை.

ஆனால் அவர் தம்மைக் குடிமகனாகவே உணர்கிறார். இந்த உணர்வுக்கும் அந்தச் சட்டநிலைக்கும் இடையிலான உரசல்தான் மெய்நிகர் உலக அரசியலின் பெரும்பகுதி.

இது புதிதாக முளைத்த சிக்கலும் அல்ல. 1980களின் நடுவில், லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் கமடோர் 64 கணினிக்காக உருவாக்கிய ஹேபிடாட் என்ற உலகத்திலேயே இது தொடங்கிவிட்டது. ஆயுதங்கள் கிடைக்கும் உலகம் அது. ஆகவே கொலையும் கொள்ளையும் நடந்தன. இவை குற்றம்தானா, அல்லது ஆட்டத்தின் சுவையா என்பதில் ஆடியவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். தங்களுக்கென ஒரு காவல் தலைவரைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுத்தவர்கள், அவருக்கு என்ன அதிகாரம் தருவது என்பதில் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

மந்திரவாதிகள் பதவி விலகிய கதை

இவ்வுலகங்களின் அரசியல் வரலாற்றில் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய பெயர் லாம்டாமூ. 1990இல் கலிஃபோர்னியாவில் உள்ள ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் பாவெல் கர்ட்டிஸ் என்ற ஆய்வாளர் இதைத் தொடங்கினார். அங்கே படம் எதுவும் கிடையாது. அறைகள், மனிதர்கள், செயல்கள் எல்லாமே எழுத்துதான். 'இன்னார் அறைக்குள் வருகிறார்' என்று திரையில் ஒரு வரி தோன்றும். பயனர்கள் அதைப் படித்துவிட்டுப் பதிலுக்குத் தட்டச்சு செய்வார்கள். நிரலைத் திருத்தும் உரிமை பெற்ற சிலருக்கு அங்கே மந்திரவாதிகள் என்று பெயர். தொல்லை தருபவர்களை விலக்குவதும் சச்சரவுகளைத் தீர்ப்பதும் தொடக்கத்தில் அவர்கள் பொறுப்பாக இருந்தன. கூட்டம் பெருகப் பெருக, ஓயாத பஞ்சாயத்தில் அவர்கள் களைத்துப் போனார்கள். 1992 டிசம்பரில் கர்ட்டிஸ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்: மந்திரவாதிகள் இனித் தொழில்நுட்பப் பணியாளர்கள் மட்டுமே, சமூகம் குறித்த முடிவுகளைச் சமூகமே எடுத்துக்கொள்ளட்டும்.

சில மாதங்களிலேயே அந்தச் சமூகத்துக்குச் சோதனை வந்தது. ஒரு பயனர், பிறருடைய பாத்திரங்கள் செய்யாததைச் செய்ததாகத் திரையில் காட்டும் சிறு நிரல் ஒன்றைப் பயன்படுத்தி, பலர் கூடியிருந்த அறையில் சில பாத்திரங்களை மிகக் கொடூரமான பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார். நடந்தது வெறும் எழுத்து. ஆனால் பாதிக்கப்பட்டவர்கள் அடைந்த அவமானமும் சினமும் வெறும் எழுத்தாக இருக்கவில்லை. அவரை நிரந்தரமாக நீக்க வேண்டும் என்று குரல் எழுந்தபோதுதான் ஒரு விசித்திரமான உண்மை எல்லோருக்கும் உறைத்தது: நீக்கும் ஆற்றல் உள்ளவர்கள் பதவி விலகியிருந்தார்கள், முடிவெடுக்க வேண்டிய சமூகத்துக்கோ முடிவெடுக்கும் முறை எதுவும் இல்லை. கூட்டம் போட்டார்கள், மணிக்கணக்கில் வாதித்தார்கள், தீர்மானம் எதுவும் எட்டாமலே கலைந்தார்கள். கடைசியில் ஒரு மந்திரவாதி தாமாகவே முடிவெடுத்து அந்தப் பயனரின் பாத்திரத்தை அழித்தார்.

அப்போது வெளியூர் போயிருந்த கர்ட்டிஸ், திரும்பி வந்து நடந்ததை அறிந்ததும் ஒரு வாக்களிப்பு முறையை நிறுவினார். எந்தப் பயனரும் கோரிக்கை மனு எழுதலாம். போதிய ஆதரவு திரண்டு, நடைமுறைப்படுத்த முடிந்ததுதான் என்று மந்திரவாதிகள் சரிபார்த்த பிறகு, அது எல்லோருடைய வாக்குக்கும் விடப்படும். எதிர்ப்பைப் போல இரண்டு மடங்கு ஆதரவு கிடைத்தால் அது நிறைவேறும். நேரடி மக்களாட்சி என்று சொல்லத்தக்க ஏற்பாடுதான். ஆயினும் 1996 மே மாதத்தில் மந்திரவாதிகள் மீண்டும் ஓர் அறிவிப்பை வெளியிட்டு, சமூக விவகாரங்களிலும் தாங்கள் தலையிடப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். தொழில்நுட்ப முடிவு, சமூக முடிவு என்று கோடு கிழிப்பது நடைமுறையில் முடியாத காரியம் என்பதே அவர்கள் கூறிய காரணம். உலகத்தை இயக்கும் கணினியான சர்வரின் சாவியை வைத்திருப்பவர் 'நான் ஆளவில்லை' என்று சொல்லலாம். சொல்வதால் மட்டும் அது உண்மையாகிவிடாது. இன்று சமூக ஊடக நிறுவனங்கள் தங்களை வெறும் மேடை என்று சொல்லிக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு இந்த எழுத்துலகத்தின் அனுபவம் நினைவுக்கு வருவதுண்டு.

பத்திரிகைச் சுதந்திரமும் இவ்வுலகங்களில் சோதிக்கப்பட்டிருக்கிறது. தி சிம்ஸ் ஆன்லைன் என்ற விளையாட்டுக்குள் இருந்த ஆல்ஃபாவில் நகரத்தைப் பற்றி, மிச்சிகன் பல்கலைக்கழகத் தத்துவப் பேராசிரியர் பீட்டர் லட்லோ ஓர் இணைய நாளிதழை நடத்தினார். உள்ளே நடந்த மோசடிகளையும், சிறுவர்கள் சம்பந்தப்பட்டதாகச் சொல்லப்பட்ட முறைகேடுகளையும் அது எழுதியது. 2003 டிசம்பரில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் அவருடைய கணக்கை நீக்கியது. வணிக இணையதளத்துக்கு இணைப்புத் தந்து விதிமுறையை மீறினார் என்று காரணம் காட்டியது. நாட்டில் இப்படி நடந்தால் வழக்குத் தொடுக்கலாம். அங்கே அவர் ஒரு சந்தாதாரர்; அவ்வளவே.

ஈவ் ஆன்லைனின் தேர்தல்

குடியிருப்பவர்களுக்கு முறையான பிரதிநிதித்துவம் தந்து பார்த்த நிறுவனம் ஒன்று உண்டு. ஐஸ்லாந்தைச் சேர்ந்த சிசிபி என்ற அந்த நிறுவனம் 2003 மே மாதம் தொடங்கிய ஈவ் ஆன்லைன், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன் மண்டலங்களைக் கொண்ட ஒரே உலகம். பிற விளையாட்டுகளைப் போலப் பல சர்வர்களில் பல பிரதிகளாகப் பிரிக்காமல், தனி சர்வர் கொண்ட சீனாவைத் தவிர, உலகெங்கும் இருந்து வருபவர்கள் அனைவரையும் ஒரே வானத்தில் விட்டிருக்கிறார்கள். அங்கே ஆட்டக்காரர்கள் கூட்டணி அமைக்கிறார்கள், எல்லை வகுக்கிறார்கள், வரி வசூலிக்கிறார்கள், தூதர்களை அனுப்புகிறார்கள், உளவு பார்க்கிறார்கள், துரோகமும் செய்கிறார்கள். அங்கு நடப்பது எவ்வளவு தூரம் அரசியல் என்பதற்கு ஒரு சம்பவத்தைச் சொல்லலாம். ஒரு மண்டலத்தைத் தன் ஆளுகையில் வைத்திருக்க ஒவ்வொரு கூட்டணியும் குறித்த காலத்தில் கட்டணம் செலுத்த வேண்டும். 2014 ஜனவரி 27 அன்று, ஒரு கூட்டணியின் படைத்தளமாக இருந்த மண்டலத்துக்கான கட்டணம் செலுத்தப்படாமல் விடுபட்டுப் போனது. ஆளுகை இல்லாமல் போனதைக் கண்ட எதிரிகள் உடனே படையெடுத்தார்கள். ஏறத்தாழ 21 மணி நேரம் நீடித்த அந்தப் போரில் 7,500க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். அழிந்த கப்பல்களின் மதிப்பு மூன்று லட்சம் அமெரிக்க டாலரைத் தொட்டதாகக் கணக்கிடப்பட்டது. ஒரு பில் கட்ட மறந்ததன் விளைவு இத்தனையும்.

இப்படிப்பட்ட உலகத்தில் நடுவர் ஒருபக்கம் சாய்ந்தால் என்ன ஆகும்? 2007இல் அதுதான் வெளிப்பட்டது. சிசிபியின் ஊழியர் ஒருவர், தாம் சார்ந்திருந்த குழுவுக்கு அரிய கப்பல் தளவாடங்களுக்கான உற்பத்தி வரைபடங்களை முறைகேடாக வழங்கியிருந்தார். அந்தக் குழு, விளையாட்டுக்குள் அன்று வல்லரசாக விளங்கிய ஒரு கூட்டணியின் அங்கம். ஆட்டக்காரர்களின் கோபத்தைத் தணிக்க நிறுவனம் கண்ட வழி, விண்மீன் மேலாண்மைக் குழு என்ற பெயரில் ஒரு பிரதிநிதிகள் சபை. 2008இல் நடந்த முதல் தேர்தலில் ஒன்பது பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். வாக்களித்தவர்கள், தகுதி பெற்றவர்களில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே இருந்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை நிறுவனம் தன் செலவில் ரேக்யவிக் நகரத்துக்கு அழைத்துச் சென்று, மேசைக்கு எதிரே உட்காரவைத்துக் குறைகளைக் கேட்டது.

இந்தச் சபையின் அமைப்பைக் கூர்ந்து பார்த்தால் பல நுணுக்கங்கள் தெரியும். வாக்கு மனிதருக்கு அல்ல, கணக்குக்கு. நான்கு கணக்குகளுக்குச் சந்தா கட்டுபவருக்கு நான்கு வாக்குகள் உண்டு. சொத்து அடிப்படையிலான வாக்குரிமை நம் ஊர்களில் ஒருகாலத்தில் இருந்தது. அது வேறு வேடத்தில் இங்கே உயிரோடு இருக்கிறது என்றே சொல்ல வேண்டும். பெரிய கூட்டணிகள் தங்கள் உறுப்பினர்களுக்கு 'இன்னாருக்கு இந்த வரிசையில் வாக்களியுங்கள்' என்று பட்டியல் அனுப்பிவிடும். தனியாக ஆடுபவர்களின் வாக்குகள் சிதறிப்போகும். இதைச் சமன் செய்ய 2013இல் விருப்ப வரிசை வாக்குமுறையைக் கொண்டுவந்தார்கள். வாக்காளர் பல வேட்பாளர்களை வரிசைப்படுத்துவார். முதல் விருப்பம் தோற்றால் அந்த வாக்கு அடுத்த விருப்பத்துக்குப் போகும். அயர்லாந்தின் நாடாளுமன்றத் தேர்தலில் பயன்படும் முறையின் வகை இது. அப்படியும் கட்டுக்கோப்பான கூட்டணிகளின் கை ஓங்கியே இருந்தது. தேர்தல் முறையை எவ்வளவு செதுக்கினாலும், அமைப்பாகத் திரண்டவர்களுக்கே அது உதவும் என்பது வெளியுலகத் தேர்தல்களைக் கவனிப்பவர்களுக்குத் தெரிந்த செய்திதான்.

இந்தச் சபைக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் இல்லை. ஆலோசனை சொல்லலாம், நிறுவனம் கேட்டால் கேட்கும். ஆனால் மக்கள் கொதித்த நேரத்தில் அதன் மதிப்பு தெரிந்தது. 2011 ஜூனில் நிறுவனம் ஒரு அலங்காரப் பொருள் கடையைத் திறந்தது. அங்கே அவதாருக்கு அணிவிக்கும் ஒற்றைக்கண் கண்ணாடி ஒன்று ஏறத்தாழ 60 டாலருக்கு வந்தது. அதே சமயத்தில் நிறுவனத்தின் உள் ஆவணங்கள் கசிந்தன. ஆட்டத்தில் வெற்றியையே காசுக்கு விற்கப் போகிறார்கள் என்ற ஐயம் பரவியது. ஆயிரக்கணக்கானோர் ஜிட்டா என்ற பெரும் சந்தை மண்டலத்தில் திரண்டு, அங்கிருந்த நினைவுச்சின்னத்தின் மீது சுட்டுக்கொண்டே இருந்தார்கள். அதை அழிக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் சுட்டார்கள், கூடவே சந்தாவையும் நிறுத்தினார்கள். சபையை நிறுவனம் அவசரமாக ஐஸ்லாந்துக்கு வரவழைத்தது. சில மாதங்கள் கழித்து நிறுவனத்தின் தலைவரே மன்னிப்புக் கேட்டார். வருமானம் சரிந்து, ஐந்தில் ஒரு பங்கு ஊழியர்களைக் குறைக்கவும் நேர்ந்தது. நிறுவனத்தைப் பணிய வைத்தது சபையின் தீர்மானமா, நின்றுபோன சந்தாவா என்று கேட்டால், சந்தாதான் என்று நான் நினைக்கிறேன். சபை செய்தது, அந்தக் கோபத்துக்கு ஒரு முகவரி கொடுத்தது.

இந்தச் சபையில் ஒருமுறை உறுப்பினராக இருந்த ஷான் ஸ்மித், அமெரிக்க வெளியுறவுத் துறையில் பணியாற்றியவர். விளையாட்டுக்குள் ஒரு பெரும் கூட்டணியின் தலைமைத் தூதராகவும் பெயர் பெற்றவர். 2012 செப்டம்பர் 11 அன்று லிபியாவின் பெங்காசி நகரில் அமெரிக்கத் தூதரக வளாகம் தாக்கப்பட்டபோது கொல்லப்பட்ட நால்வரில் அவரும் ஒருவர். பல விண்வெளி நிலையங்களுக்கு அவருடைய விளையாட்டுப் பெயரைச் சூட்டி ஆட்டக்காரர்கள் அஞ்சலி செலுத்தினார்கள். எதிரணியினரும் அதில் சேர்ந்துகொண்டார்கள்.

வெளியுலக அரசு எப்போது உள்ளே வருகிறது?

பெரும்பாலும் பணத்தின் பின்னால்தான் வருகிறது. 2001இல் பொருளியலாளர் எட்வர்ட் காஸ்ட்ரோனோவா, எவர்குவெஸ்ட் என்ற விளையாட்டின் நோரத் உலகத்துப் பொருட்கள் வெளிச்சந்தையில் என்ன விலைக்குப் போகின்றன என்பதை வைத்துக் கணக்கிட்டு, அவ்வுலகின் தலா உற்பத்தி ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடைப்பட்டது என்று எழுதினார். இல்லாத நாடு ஒன்று, இருக்கும் பல நாடுகளைவிடச் செல்வம் மிக்கதாக இருந்தது.

அதன் பிறகு வந்த செகண்ட் லைஃப், பணத்தை மறைவாக வைக்கவில்லை. 2003இல் லிண்டன் லேப் நிறுவனம் தொடங்கிய இவ்வுலகில், அதன் நாணயமான லிண்டன் டாலரை அமெரிக்க டாலராக மாற்றிக்கொள்ள அதிகாரபூர்வமான சந்தையே இருந்தது. பணம் இருந்தால் சூதாட்டமும் வங்கியும் வந்துவிடும்; வந்தன. அமெரிக்கச் சட்டத்துக்கு அஞ்சி, 2007 ஜூலையில் நிறுவனம் சூதாட்டத்தைத் தடை செய்தது. சூதாட்ட விடுதிகளின் பணத்தால் ஓடிக்கொண்டிருந்த பொருளாதாரம் ஆட்டம் கண்டது. ஆண்டுக்கு 40 விழுக்காட்டுக்கும் மேல் வட்டி தருவதாகச் சொல்லி வைப்புத்தொகை திரட்டிய ஒரு மெய்நிகர் வங்கியின் வாசலில், பணத்தைத் திரும்பப் பெற அவதார்கள் கூட்டமாக முண்டியடித்தன; ஆகஸ்டில் அது கவிழ்ந்தபோது, ஏறத்தாழ ஏழரை லட்சம் டாலர் மதிப்புள்ள சேமிப்பு காணாமல் போனது. நிதி நிறுவன மோசடிகளில் பட்டுத் தெளிந்த தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இதில் புரியாதது ஒன்றும் இருக்காது. 2008 ஜனவரி முதல், வெளியுலக அரசொன்றின் பதிவோ உரிமமோ இல்லாமல் யாரும் வட்டிக்கு வைப்புத்தொகை வாங்கக்கூடாது என்று லிண்டன் லேப் அறிவித்தது. தன் உலகத்துக்குத் தானே அரசாக இருந்த நிறுவனம், வங்கி விஷயத்தில் உண்மையான அரசின் முத்திரையைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

உடைமை பற்றிய கேள்வியும் நீதிமன்றத்துக்குப் போனது. செகண்ட் லைஃபில் நிலம் வாங்கிய ஒரு பென்சில்வேனிய வழக்கறிஞரின் கணக்கை, முறைகேடாக வாங்கினார் என்று நிறுவனம் முடக்கியது. தகராறு எதுவானாலும் தனியார் நடுவரிடம்தான் போக வேண்டும் என்ற விதிமுறை, ஒருதலைப்பட்சமானது என்று 2007இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஒதுக்கித் தள்ளியது. பிறகு இரு தரப்பும் சமரசமாயின. இதைவிடத் தெளிவான தீர்ப்பு நெதர்லாந்தில் வந்தது. ரூன்ஸ்கேப் விளையாட்டில் ஒரு சிறுவன் வைத்திருந்த தாயத்தையும் முகமூடியையும், இரண்டு பேர் அவனை நேரில் அடித்து மிரட்டித் தங்கள் கணக்குக்கு மாற்றிக்கொண்டனர். அவை வெறும் மின்தரவுகள், ஆகவே திருட்டாகாது என்று வாதிடப்பட்டது. 2012 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அவற்றைப் பெற அந்தச் சிறுவன் நேரமும் உழைப்பும் செலவிட்டிருக்கிறான், அவை அவனுடைய கட்டுப்பாட்டில் இருந்தன, பறிக்கப்பட்டதும் அவனிடம் இல்லாமல் போயின. எனவே அவை திருடத்தக்க பொருளே என்பது தீர்ப்பின் சாரம்.

கட்சிகளும் தூதரகங்களும் வந்த விதம் சற்றே நகைப்புக்குரியது. 2007 பிரெஞ்சு அதிபர் தேர்தலின்போது முதன்மை வேட்பாளர்கள் செகண்ட் லைஃபில் அலுவலகம் திறந்தார்கள். தீவிர வலதுசாரிக் கட்சியான தேசிய முன்னணியின் அலுவலகத்தை எதிர்ப்பாளர்கள் முற்றுகையிட்டு, வெடிக்கும் பன்றிகளை அதன் மீது எறிந்தார்கள். அதே ஆண்டு மே மாதத்தில் முதலில் மாலத்தீவும், சில நாள் கழித்து சுவீடனும் தூதரகம் திறந்தன. சுவீடனின் வெளியுறவு அமைச்சர் கார்ல் பில்ட் தம் அவதார் வழியாக அதைத் தொடங்கிவைத்தார். கடவுச்சீட்டோ விசாவோ அங்கே கிடைக்காது. நாட்டைப் பற்றிய தகவல் மட்டும் கிடைக்கும். கூட்டம் வேறிடம் போனதும், 2013இல் அது மூடப்பட்டது. சியோல் நகராட்சி 2023 ஜனவரியில் திறந்த மெடாவெர்ஸ் என்னும் மெய்நிகர் உலகச் சேவையும், அடுத்த ஆண்டு அக்டோபரிலேயே நிறுத்தப்பட்டது. அரசுகள் கட்டிய கட்டடங்களைவிட, மக்கள் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் நடந்த போராட்டங்களே பயன் தந்திருக்கின்றன. 2007 செப்டம்பரில் ஊதியச் சலுகை பறிக்கப்பட்ட ஐபிஎம் நிறுவனத்தின் இத்தாலிய ஊழியர்கள், செகண்ட் லைஃபில் இருந்த அந்நிறுவனத் தீவுகளில் மறியல் செய்தார்கள். பல நாடுகளிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்துகொண்டார்கள். வாழைப்பழ வடிவில்கூடச் சிலர் வந்து பதாகை பிடித்தார்கள். சில வாரங்களில் ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தானது.

தணிக்கையும் கண்காணிப்பும் இந்த உறவின் இருண்ட பக்கம். 2020 ஏப்ரலில் ஹாங்காங் செயல்பாட்டாளர் ஜோஷுவா வாங், அனிமல் கிராசிங் விளையாட்டில் தம் தீவில் போராட்ட முழக்கத்தைப் பதாகையாக வைத்துப் படம் வெளியிட்டார். ஊரடங்கில் தெருவில் இறங்க முடியாத நேரம் அது. அடுத்த சில நாட்களில் சீனாவின் இணைய அங்காடிகளிலிருந்து அந்த விளையாட்டு மறைந்துபோனது. இதற்கு நேர்மாறான முயற்சி, அதே ஆண்டு மார்ச்சில் எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு மைன்கிராஃப்ட் விளையாட்டுக்குள் கட்டிய நூலகம். எகிப்து, மெக்சிகோ, ரஷ்யா, சவூதி அரேபியா, வியட்நாம் ஆகிய நாடுகளில் ஒடுக்கப்பட்ட செய்தியாளர்களின் கட்டுரைகளை, விளையாட்டுக்குள் இருக்கும் புத்தகங்களாக அங்கே திறந்து படிக்கலாம். செய்தித் தளங்களை முடக்கும் அரசுகள் குழந்தைகளின் விளையாட்டை முடக்கியிருக்காது என்பதே அதன் தந்திரம். ஆனால் உளவுத்துறைகள் அவ்வளவு அசட்டையாக இருக்கவில்லை. அமெரிக்க உளவு அமைப்பில் பணியாற்றிய எட்வர்ட் ஸ்னோடன் கசியவிட்டு 2013 டிசம்பரில் வெளியான ஆவணங்களின்படி, அமெரிக்க, பிரிட்டன் உளவு அமைப்புகள் செகண்ட் லைஃபிலும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டிலும் பயங்கரவாதிகளைத் தேடி அலைந்தன. வெவ்வேறு துறைகளின் உளவாளிகள் ஒருவர் மீது ஒருவர் மோதிக்கொள்ளாமல் இருக்க ஒருங்கிணைப்புக் குழுவே தேவைப்பட்டதாம். பயங்கரவாதிகள் பிடிபட்டதாக அந்த ஆவணங்களில் இல்லை.

எவ்வளவு நேரம் உள்ளே இருக்கலாம் என்பதையும் அரசுகள் வரையறுக்கின்றன. தென்கொரியா 2011 முதல், 16 வயதுக்கு உட்பட்டவர்களை நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டுகளிலிருந்து விலக்கிவைத்தது. பத்தாண்டு கழித்து அதைக் கைவிட்டது. சீனாவோ 2021இல் கட்டுப்பாட்டை இறுக்கி, 18 வயதுக்கு உட்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 மணி முதல் 9 மணி வரை மட்டுமே ஆடலாம் என்றது. இந்தியாவில் நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு பப்ஜி. சீனாவுடனான கல்வான் மோதலுக்குப் பின், 2020 செப்டம்பர் 2 அன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் முடக்கப்பட்ட 118 செயலிகளில் அதுவும் ஒன்று. லடாக்கில் நடந்த எல்லைத் தகராறு, தெருமுனையில் கூடி ஆடிக்கொண்டிருந்த இளைஞர்களின் போர்க்களத்தை ஒரே நாளில் மூடியது. அடுத்த ஆண்டு கொரிய நிறுவனத்தின் பெயரில், சிவப்பு ரத்தத்துக்குப் பதில் பச்சை நிறம் தெறிக்கும்படி மாற்றப்பட்டு அது திரும்பி வந்தது. 2022 ஜூலையில் மறுபடியும் முடக்கப்பட்டு, 2023 மே மாதத்தில் நேரக் கட்டுப்பாட்டுடன் மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

இப்போது நடந்துகொண்டிருக்கும் சர்ச்சை, உலகத்தை மூடும் அதிகாரத்தைப் பற்றியது. யூபிசாஃப்ட் நிறுவனம் தி க்ரூ என்ற இணையவழிக் கார்ப் பந்தய விளையாட்டின் சர்வர்களை 2024 மார்ச் மாத இறுதியில் நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதன் பிறகு அதை ஆட முடியவில்லை. அதே ஆண்டு கலிஃபோர்னியா ஒரு சட்டம் இயற்றியது. நிறுவனம் திரும்பப் பெற்றுக்கொள்ளக்கூடிய மின்பொருளை விற்கும்போது, வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமம்தான், உடைமை அல்ல என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது அது. ஐரோப்பாவில் ஆட்டக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஆதரவு நிறுத்தப்பட்ட பிறகும் விளையாட்டு இயங்கும் நிலையில் விடப்பட வேண்டும் என்று கோரி, ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்கள் முன்னெடுப்பு முறையில் மனு தொடங்கினார்கள். இம்முறையில் பத்து லட்சம் கையொப்பங்களும், குறைந்தது ஏழு நாடுகளில் போதிய ஆதரவும் கிடைத்தால் ஐரோப்பிய ஆணையம் பதில் சொல்லியே ஆக வேண்டும். 2025 ஜூலையில் கெடு முடிவதற்குள் அவர்கள் அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிட்டார்கள். அதில் கையெழுத்திட அவதாரின் பெயர் செல்லாது. ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன் என்ற தகுதியும் உண்மையான பெயரும் வேண்டும்.